நெடுகை, கரை, விலகல்: மடைகளை வரைபடத்தில் ஏற்றும் முறை

ஒரு வாய்க்காலில் ஒரு மடை எங்கே இருக்கிறது என்று சொல்ல எத்தனை வழி உண்டு? நம் ஊரில் ‘பனமரத்து மடை’ என்றாலே போதும். அந்தப் பனையை வெட்டிப் பதினைந்து வருடம் ஆகியிருக்கும். பெயர் மட்டும் நிற்கும். நீர்க்கட்டிக்கு இடம் தெரியும், அவர் மகனுக்குப் பாதி தெரியும், பேரன் ஓசூரில் வேலைக்குப் போய்விட்டான். கைப்பேசி வைத்திருக்கிற இளைஞர்களைக் கேட்டால் அட்சரேகை, தீர்க்கரேகை என்று புள்ளிக்குப் பின்னால் ஆறு இலக்கம் சொல்வார்கள். பொதுப்பணித் துறையின் நீர்ப்பாசனப் பிரிவுக்குப் போனால் மூன்றாவதாக ஒன்று கேட்பார்கள்: “நெடுகை எவ்வளவு?”

நெடுகை என்றால் வாய்க்காலின் தலையிலிருந்து அந்த இடம் வரைக்கும், வாய்க்கால் வளைகிற வளைவோடு கூடவே போய் அளந்த தூரம். ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகளில் ‘நெடுகை 0 மீ. முதல் 1,500 மீ. வரை தூர் வாருதல்’ என்று பார்த்திருப்பீர்கள். எல்.எஸ்., செயினேஜ் என்று பொறியாளர்கள் வாயில் வருவதும் இதுதான்.

மூன்றில் இந்தக் கடைசி வழியைத்தான் உழவர்கள் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. காரணம் எளிது. அட்சரேகை 11.9 என்றும் தீர்க்கரேகை 79.7 என்றும் தொடங்குகிற இரண்டு ஜோடி எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதில் எது மேல்மடை, எது கீழ்மடை? யாராலும் சொல்ல முடியாது. அதையே ‘நெடுகை 820, நெடுகை 1,340’ என்று எழுதினால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். சின்ன எண்ணுக்குத் தண்ணீர் முதலில் வரும், பெரிய எண்ணுக்குப் பிறகு வரும். வாய்க்காலில் நடக்கிற சண்டையெல்லாம் இந்த ஒரு விஷயத்தில்தானே? எண்ணே அதைச் சொல்லிவிடுகிறது.

எங்கள் ஒதியம்பட்டு, வில்லியனூர்ப் பக்கம் இன்னொரு கவலையும் உண்டு. நஞ்சைக்கு நடுவே மனைப்பிரிவுகள் வந்துகொண்டே இருக்கின்றன. வீட்டுக் கழிவுநீரைக் குழாய் போட்டுப் பாசன வாய்க்காலில் விட்டுவிடுகிறார்கள். ரசாயனம் போடாமல் பயிர் வைக்கிற ஒருவருக்கு, தன் மடைக்கு மேலே எத்தனை குழாய் விழுகிறது என்பது உயிர்ப் பிரச்சினை. ‘நெடுகை 1,340-ல் என் மடை; 1,340-க்குக் குறைவாக உள்ள கழிவுக் குழாய்கள் எவை?’ என்று கேட்டால், நெடுகைப் பட்டியலில் கை வைத்து எண்ணிவிடலாம். வரைபடம்கூட வேண்டாம். பங்கேற்பு உத்தரவாத முறையில் குறைந்தது ஐந்து உழவர் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறதல்லவா, அந்தக் குழுக்கள் முதலில் எழுத வேண்டிய ஏடு இது.

இன்னொன்று, வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. அது வடிவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டு, பாகூர்ப் பக்கம் ஊர் ஊராகத் தண்ணீரில் நின்றது. சங்கராபரணிக் கரையில் இருக்கிற எங்களுக்கும் அடி. அதற்குப் பிறகு ஆளுக்கொரு மனு எழுதினோம். ‘எங்கள் ஊர் வாய்க்காலில் பல இடங்களில் உடைப்பு’ என்று எழுதிய மனு எந்த மேசையில் போய் உட்கார்ந்ததோ தெரியவில்லை. ‘நெடுகை 615, இடக்கரை, 7 மீ. நீளம் உடைப்பு, நெடுகை 1,090, வலக்கரை, 3 மீ. நீளம் அரிப்பு’ என்று எழுதினால் அதை வாசிக்கிற பொறியாளர் அப்படியே தன் மதிப்பீட்டில் ஏற்ற முடியும். வேலை நடக்கும் என்று நான் உத்தரவாதம் தரவில்லை. ‘எந்த இடம் என்று தெளிவாக இல்லை’ என்று சொல்லித் திருப்பி அனுப்ப மட்டும் முடியாது. புதுச்சேரியில் 2006-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. நமக்காக நடையாய் நடக்க வார்டு உறுப்பினர் இல்லாத இடத்தில் மனுவில் எழுதியிருப்பதுதான் பேச வேண்டும்.

இது ஒன்றும் புது வித்தை இல்லை. பிரமதேய ஊர்களின் சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலத்தைக் குறிக்கிற முறையைப் பாருங்கள். இன்ன வதிக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாவது கண்ணாறு, இத்தனையாவது சதிரம் என்று வரும். வதி என்பது தெற்கு வடக்காகப் போகிற பாதை. அதைக் குறுக்கே வெட்டிப் போவது வாய்க்கால். அங்கிருந்து எண்ணிக்கொண்டே போனால் நிலம் வந்துவிடும். உத்திரமேரூரில் ஏரிக்கென்றே ஒரு வாரியம் வைத்து ஆண்டவர்கள் நிலத்துக்கு விலாசம் எழுதியது இப்படித்தான். தர்மபுரிப் பக்கம் அதியமான் பெருவழியில் கிடைத்த கல் இன்னும் அழகு. நாவல் தாவளம் என்ற இடத்துக்கு இன்னும் 29 காதம் என்று எழுத்தில் வெட்டிவிட்டு, எழுத்துத் தெரியாதவர்களுக்காகப் பக்கத்திலேயே இரண்டு பெரிய குழி, ஒன்பது சிறிய குழி. தடவிப் பார்த்தாலே 29 என்று தெரிந்துவிடும். பாதையில் ஓர் இடம், அது எவ்வளவு தூரம் என்பதுதான் அதில் உள்ள சேதி.

நில அளவைக்காரரும் இதையேதான் செய்கிறார். பயிர்க்கடன் கேட்டு வருகிறவர்களின் புலப்படத்தை, அதாவது எஃப்.எம்.பி. நகலை, வங்கியில் இருந்த காலத்தில் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அதில் நடுவே ஒரு நேர்கோடு ஓடும். அந்தக் கோட்டின் மேல் இத்தனை தூரம் வந்தபின், செங்குத்தாக இடப்பக்கம் இத்தனை, வலப்பக்கம் இத்தனை என்று எண்கள் எழுதியிருக்கும். வயலின் கோணல் வரப்பெல்லாம் அந்த இரண்டு எண்ணில் அடங்கிவிடும். கோட்டோடு போகிற தூரம் ஒன்று, கோட்டை விட்டு விலகுகிற தூரம் ஒன்று. விலகலுக்கு ஆஃப்செட் என்று பெயர். 66 அடி, 100 கண்ணி உள்ள சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்த காலத்திலிருந்தே இந்த முறைதான். கடாஸ்தர் எண், மறு அளவை எண் என்று நம் புதுச்சேரிப் பத்திரங்களில் எத்தனை எண் மாறினாலும் அளந்த விதம் மாறவில்லை. நாம் செய்யப்போவதும் அதுவே. நேர்கோட்டுக்குப் பதிலாக வளைந்து போகிற வாய்க்கால், காகிதத்துக்குப் பதிலாகக் கணினி.

முதலில் நடை

கணினிக்கு முன்னால் காலால் நடக்க வேண்டும். வாய்க்கால் வறண்டு கிடக்கிற மாசி, பங்குனியில் நடப்பது நல்லது. மடைவாய், உடைந்த ஷட்டர், புதைந்த குழாய் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். நான்கு பேர் போதும். இரண்டு பேர் நாடா பிடிக்க, ஒருவர் எழுத, ஒருவர் பெயர் சொல்ல. பெயர் சொல்கிறவர் ஊரிலேயே மூத்த நீர்க்கட்டியாக இருக்கட்டும். கூலி கொடுத்துக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் நினைவுதான் இந்த ஏட்டின் முதலீடு, அதற்கு வட்டி கிடையாது என்று நினைத்துவிடக் கூடாது.

பூஜ்யம் எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஏரிப் பாசனம் என்றால் மதகின் வெளிவாய். ஆற்று வாய்க்கால் என்றால் அணைக்கட்டின் தலைமதகு. பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற பங்காரு வாய்க்காலுக்குச் சொர்ணாவூர் அணைக்கட்டு எப்படியோ அப்படி. அந்த இடம் நாளைக்கும் மாறாததாக இருக்க வேண்டும். ‘ஆலமரத்தடி’ என்று பூஜ்யம் வைத்தால் மரத்தோடு கணக்கும் போய்விடும்.

30 மீட்டர் நாடா எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. நாடா இல்லாவிட்டால் சைக்கிள். பின்சக்கரத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு தள்ளிக்கொண்டே போய்ச் சுற்றை எண்ணலாம். 28 அங்குல டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீ. போகும். ஆனால் டயர் தேய்மானத்துக்கும் காற்றுக்கும் ஏற்ப அது கூடும் குறையும். ஆகவே 100 மீ. நாடாவில் அளந்து, அந்தத் தூரத்துக்கு உங்கள் சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். நெருஞ்சி முள் உள்ள கரையில் சைக்கிள் வேண்டாம்.

இடக்கரை வலக்கரை என்பதில் எல்லாரும் ஒரே பேச்சாக இருக்க வேண்டும். தண்ணீர் போகிற திசையைப் பார்த்து நின்றால் இடது கைப்பக்கம் இடக்கரை. எதிர்த்து நடந்து வந்தாலும் அதுவே இடக்கரை. ‘கிழக்குக் கரை’ என்று எழுதாதீர்கள். வாய்க்கால் திரும்பினால் கிழக்கு தெற்காகிவிடும்.

விலகலை வாய்க்காலின் நடுவிலிருந்து எடுங்கள். கரை மடை என்றால் 2 மீ., 3 மீ. தான் இருக்கும். ஆழ்துளைக் கிணறு, எருக்குழி போன்றவை 20 மீ., 25 மீ. தள்ளி இருக்கலாம். அப்போது செங்குத்தாக அளக்க வேண்டும். 12 முழம் கயிற்றில் 3, 4, 5 முழம் என்று முடிச்சுப் போட்டு முக்கோணமாக இழுத்தால் ஒரு மூலை செங்கோணம். கொத்தனார்கள் மனை முகூர்த்தத்தன்று செய்கிற அதே வேலை. 30 மீட்டருக்கு மேல் தள்ளி இருப்பதை இந்த முறையில் எழுத முயல வேண்டாம். வாய்க்கால் வளைகிற இடத்தில், வளைவின் உட்புறம் தூரத்தில் நிற்கிற ஒரு கிணற்றுக்கு இரண்டு நெடுகையிலிருந்தும் செங்குத்துக் கோடு போடலாம், எது சரி என்று சொல்ல முடியாது. அதற்குக் கைப்பேசி ஜி.பி.எஸ்.ஸே மேல்.

அப்படியானால் எல்லாவற்றையும் கைப்பேசியிலேயே எடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். திறந்த வானத்தின் கீழேயே கைப்பேசி சுமார் 5 மீ. தவறும். புளி, மூங்கில், பனை நிற்கிற கரையில் இன்னும் கூடும். நம் கிளை வாய்க்கால்களின் அகலமே 3 மீ., 4 மீ. தானே? எதிரெதிரே இரண்டு மடை இருந்தால் எது எந்தக் கரை என்று கைப்பேசியால் பிரித்துச் சொல்ல முடியாது. இடக்கரை மடையை வலக்கரையில் காட்டிவிட்டால் அந்த வரைபடத்தை ஊரில் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

எழுதுகிற ஏட்டில் ஏழு கட்டம் போதும்: வாய்க்கால் பெயர், நெடுகை, கரை, விலகல், என்ன (மடை, ஷட்டர், கல்வர்ட், கழிவுக் குழாய், உடைப்பு), ஊரில் அதற்கு வழங்கும் பெயர், பார்த்த தேதி. நிலைமை பற்றி ஒரு வரி எழுத எட்டாவது கட்டம் இருந்தால் நல்லது. தேதியை விட்டுவிடாதீர்கள். தேதி இல்லாத பதிவை வங்கியில் யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள்.

பிறகு கணினி

கியூ.ஜி.ஐ.எஸ். என்றொரு மென்பொருள். 2002-ல் கேரி ஷெர்மன் தொடங்கினார். இப்போது உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து வளர்க்கிறார்கள். காசு கிடையாது, உரிமக் கட்டணம் கிடையாது. சாதாரண மடிக்கணினி போதும். விதையைப் பகிர்ந்துகொள்கிற நமக்கு இப்படிப்பட்ட மென்பொருள்தான் பொருத்தம்.

முதல் வேலை வாய்க்காலை ஒரு கோடாக வரைவது. செயற்கைக்கோள் படத்தைப் பின்னணியில் வைத்து, தலைமதகில் தொடங்கித் தண்ணீர் போகிற திசையிலேயே சொடுக்கிக்கொண்டு போங்கள். எந்தத் திசையில் வரைகிறோமோ அந்த முனைதான் மென்பொருளுக்குப் பூஜ்யம். கடைமடையிலிருந்து வரைந்தால் எல்லா மடையும் தலைகீழாக உட்காரும், இடக்கரை வலக்கரையும் மாறிவிடும். அப்படி வரைந்த கோடு யாரிடமிருந்தாவது கிடைத்தால் ‘ரிவர்ஸ் லைன் டைரக்‌ஷன்’ என்ற கருவி திருப்பிக் கொடுக்கும். கோடு துண்டுதுண்டாக இருக்கக் கூடாது. துண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு பூஜ்யம் வந்துவிடும். சேர்த்து ஒரே கோடாக்கிக்கொள்ளுங்கள். கிளை வாய்க்காலுக்குத் தனிக் கோடு, தனிப் பெயர், அது பிரிகிற இடமே அதற்குப் பூஜ்யம்.

கோடு எந்த அளவையில் இருக்கிறது என்பது அடுத்தது. கைப்பேசியிலிருந்து எடுத்த கோடு பாகையில் இருக்கும். ஒரு பாகை என்பது நம் பக்கம் வடக்கு தெற்காக ஏறக்குறைய 110 கி.மீ. அந்தக் கோட்டில் ‘1,340 தூரத்தில் புள்ளி வை’ என்றால் மென்பொருள் 1,340 பாகையைத் தேடிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். புள்ளி வராது, என்ன தவறு என்றும் சொல்லாது. ஆகவே கோட்டை மீட்டர் அளவைக்கு மாற்றிச் சேமித்துக்கொள்ளுங்கள். நம் பகுதி யு.டி.எம். மண்டலம் 44 வடக்கில் வருகிறது. மென்பொருளில் அதன் எண் 32644. இந்த ஓர் எண்ணை ஏட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

இனி ‘ஆஃப்செட்’ என்ற சொல். இந்த மென்பொருளில் அது இரண்டு இடத்தில் இரண்டு பொருளில் வருகிறது, புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். ‘பாயின்ட்ஸ் அலாங் ஜியாமெட்ரி’ என்ற கருவி கோட்டின் மேல் சம இடைவெளியில் புள்ளி வைக்கும். 100 என்று கொடுத்தால் 100 மீட்டருக்கு ஒரு புள்ளி. அதில் கேட்கிற ‘ஸ்டார்ட் ஆஃப்செட்’ என்பது கோட்டோடு போகிற தூரம்: பூஜ்யத்திலிருந்து எவ்வளவு தள்ளி எண்ணத் தொடங்குவது என்பது. நெடுகைக் கல் நடுவதற்கும், கரையில் பனங்கொட்டை ஊன்ற எத்தனை வேண்டும் என்று கணக்குப் போடுவதற்கும் இந்தக் கருவி போதும். ‘ஆஃப்செட் லைன்ஸ்’ என்ற கருவியில் வருவதோ பக்கவாட்டு விலகல். அங்கே கூட்டல் எண் கொடுத்தால் கோட்டின் இடப்பக்கம் போகும், கழித்தல் எண் கொடுத்தால் வலப்பக்கம்.

நம் ஏட்டில் உள்ள மடைகள் சம இடைவெளியில் இல்லை, இரண்டு கரையிலும் இருக்கின்றன. அதற்கு ‘ஜியாமெட்ரி பை எக்ஸ்பிரஷன்’ என்ற கருவி வேண்டும். ஏட்டைக் கணினியில் தட்டி சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்து, இடம் இல்லாத வெறும் பட்டியலாக உள்ளே ஏற்றுங்கள். பிறகு அந்தக் கருவியில் ஒவ்வொரு வரிக்கும் மூன்று வேலை சொல்ல வேண்டும். வாய்க்கால் பெயரை வைத்துக் கோட்டைக் கண்டுபிடி. இதற்கு ‘கெட் ஃபீச்சர்’. அந்தக் கோட்டில் நெடுகை அளவு போய் ஒரு புள்ளி வை. இதற்கு ‘லைன் இன்டர்போலேட் பாயின்ட்’. அந்த இடத்தில் கோடு எந்தத் திசையில் போகிறது என்று பார்த்து, வலக்கரை என்றால் 90 பாகை கூட்டி, இடக்கரை என்றால் 90 பாகை கழித்து, அந்தப் பக்கமாக விலகல் அளவு தள்ளி வை. திசைக்கு ‘லைன் இன்டர்போலேட் ஆங்கிள்’, தள்ளுவதற்கு ‘ப்ராஜெக்ட்’. திசை வருவது பாகையில், தள்ளுகிற கட்டளை கேட்பது ரேடியனில். நடுவே ‘ரேடியன்ஸ்’ என்று ஒரு மாற்று போட வேண்டும். போடாவிட்டால் மடைகள் நாலாபக்கமும் சிதறி விழும். பார்த்தவுடன் தெரிந்துவிடும், அதுவரை நல்லதுதான். வெளியே வருகிற புள்ளிகளுக்கு அளவை முறை 32644 என்று நாமேதான் சொல்ல வேண்டும், வெறும் பட்டியலிலிருந்து பிறந்ததால் அதற்கு ஊர் பேர் தெரியாது.

இவ்வளவு எதற்கு, கோட்டையே 3 மீ. தள்ளி வரைந்துவிட்டு அதன்மேல் நெடுகை வைத்தால் ஆகாதா என்று கெட்டிக்காரப் பையன் ஒருவன் கேட்பான். நேரான வாய்க்காலில் ஆகும். வளைவு வந்தால் ஆகாது. நடுக்கோட்டிலிருந்து 3 மீ. தள்ளிய வெளிக்கரை, ஒரு செங்கோணத் திருப்பத்தில் சுமார் 4.7 மீ. கூடுதலாகப் போகும், உள்கரை அதே அளவு குறையும். மெதுவாக வளைந்தாலும் சட்டென்று வளைந்தாலும் இந்த வித்தியாசம் ஒன்றுதான். ஒரே பக்கமாக மூன்று தடவை திரும்புகிற வாய்க்காலில் 14 மீ. பிசகிவிடும், அடுத்தவர் வயலில் மடை போய் உட்காரும். ஆகவே முதலில் நடுக்கோட்டில் புள்ளி, அப்புறம்தான் விலகல். நாடா பிடிக்கிறபோதும் கரையோரம் போகாமல் வறண்ட வாய்க்காலின் நடுவே நடக்கச் சொல்வது இதனால்தான்.

நாடாவும் கோடும் ஒத்துப்போகாதபோது

ஒத்துப்போகவே போகாது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். செயற்கைக்கோள் படத்தில் சொடுக்கும்போது சின்னச் சின்ன நெளிவைக் குறுக்கே வெட்டிவிடுவோம். கோடு குறையும். நாடாவோ மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கிக் கொஞ்சம் கூட்டிக் காட்டும். இரண்டு கி.மீ. வாய்க்காலில் 40, 50 மீ. வித்தியாசம் சகஜம்.

இதற்கு மருந்து, நாடாவிலும் படத்திலும் ஐயமில்லாமல் தெரிகிற இடங்களைப் பிடிப்பது. கல்வர்ட், பாலம், ரயில் பாதை கடக்கும் இடம், வாய்க்கால் பிரிகிற இடம். ஒரு கணக்குப் பார்ப்போம். கல்வர்ட் நாடாவில் 1,000 மீ., படக்கோட்டில் 970 மீ. அடுத்த பாலம் நாடாவில் 1,600, கோட்டில் 1,558. நடுவே நாடாவில் 1,300-ல் ஒரு மடை. நாடாக் கணக்கில் கல்வர்ட்டுக்கும் பாலத்துக்கும் இடையே 600. மடை அதில் 300, சரிபாதி. கோட்டில் இடைவெளி 588. அதில் பாதி 294. ஆக மடையைக் கோட்டில் 970-ம் 294-ம் சேர்த்து 1,264-ல் வைக்க வேண்டும். நாள் கணக்கில் வட்டி பிரிக்கிற அதே கணக்கு. எக்செலில் ஒரு சூத்திரம் எழுதிவிட்டால் மொத்தப் பட்டியலுக்கும் போட்டுவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஏட்டில் நாடா நெடுகை 1,300 அப்படியே இருக்கட்டும். 1,264 என்பது வரைபடத்துக்கான எண், அதற்குத் தனிக் கட்டம் போடுங்கள். வயலில் நின்று பேசுகிறபோது எல்லாருக்கும் 1,300 தான். நாளைக்கு இன்னும் தெளிவான படம் கிடைத்து யாராவது கோட்டைத் திருத்தினால், 1,264 தானாக வேறு எண்ணாகும், 1,300 அசையாது. வரைந்த புள்ளிகளைப் பெரிதாக நினைத்துக்கொண்டு ஏட்டைத் தூக்கிப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கோடு மாறினால் அந்தப் புள்ளிகள் எல்லாம் அந்தரத்தில் நிற்கும். ஏடு இருந்தால் ஐந்து நிமிடத்தில் மறுபடி விளைவித்துக்கொள்ளலாம். விதை ஏட்டில் இருக்கிறது.

வாய்க்காலையே மாற்றி வெட்டிவிட்டால்? மனைப்பிரிவுக்காக வளைவை நேராக்கிவிடுகிறார்களே, அது நடக்கிறது. அப்போது அதற்குக் கீழே உள்ள எல்லா நெடுகையும் குறைந்துவிடும். பழைய எண்ணை அழிக்காதீர்கள். புதுக் கட்டம் சேர்த்து, எந்தத் தேதியிலிருந்து என்று எழுதுங்கள். வாய்க்கால் முன்பு எந்த வழியாகப் போனது என்பதற்குச் சாட்சியாகப் பழைய ஏடுதான் நிற்கும். ஆக்கிரமிப்பு வழக்கு என்று வந்தால் அந்தப் பக்கத்தின் மதிப்பு தெரியும்.

எதிர்த்திசைக் கணக்கும் இதே மென்பொருளில் உண்டு. யாரோ ஓடிவந்து, ‘அண்ணே, கரை உடைஞ்சி போச்சி’ என்று கைப்பேசியில் எடுத்த இருப்பிடத்தை அனுப்புகிறார். அந்தப் புள்ளி, கோட்டின் எந்த நெடுகைக்கு நேராக வருகிறது என்று ‘லைன் லொகேட் பாயின்ட்’ சொல்லிவிடும். கரையை மட்டும் அவரிடம் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள். நெடுகை தெரிந்த கணத்தில், அதற்குக் கீழே எத்தனை மடை, யார் யார் வயல் என்று பட்டியலில் பார்த்து அவர்களுக்குச் சொல்லி அனுப்பலாம். மேல்மடைக்காரரை எழுப்பி ஷட்டரை இறக்கச் சொல்லலாம். இரவு இரண்டு மணிக்கு இது எவ்வளவு உதவும் என்பது கார்த்திகை மழையில் கரையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

முறைப்பாசனத்துக்கும் இந்த ஏட்டைப் பயன்படுத்தலாம். தண்ணீர் குறைந்த வருடத்தில் எந்த மடைக்கு எந்த நாள் என்று பிரிக்கிறபோது, நெடுகை வரிசைப்படி மடைகளையும் ஒவ்வொரு மடைக்கும் பாய்கிற குழி எத்தனை என்பதையும் ஒரே தாளில் வைத்தால் பேச்சு சுருங்கும். மேல்மடைக்காரர் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல முடியாது. கடைமடைக்காரர் தனக்கு மேலே 31 மடை இருக்கிறது, அதில் 9-ல் ஷட்டரே இல்லை என்று எண்ணிக் காட்டலாம். சண்டை நிற்குமா என்பது ஊரைப் பொறுத்தது.

புதுச்சேரி வட்டாரத்தில் 84 ஏரிகள். ஒவ்வொன்றின் பாசன வாய்க்காலையும் அந்தந்த ஊர் உழவர்களே நடந்து எழுதினால் இரண்டு கோடைகளில் முடிந்துவிடும் வேலை. ஊருக்கு ஒரு நாடா, ஒரு நோட்டு, ஒரு மடிக்கணினி. எழுதி முடித்த பட்டியலை மூன்று படி எடுங்கள். ஒன்று சங்கத்தில், ஒன்று மனுவோடு அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கிய படி, ஒன்று நீர்க்கட்டி வீட்டில். நீர்க்கட்டியின் படியைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, கண்ணாடித் தாள் உறை போட்டுக் கொடுங்கள். ஈரக் கையோடு புரட்டுகிறவர் அவர்தான்.